எண்ணாமல் எழுதிய 20

நர்சிங் பயிற்சியில் சேர்ந்து இரண்டாவது மாதம். முதல் வார்டு போஸ்டிங். காலை பத்து மணி வைட்டல்ஸ் எடுக்கும் வேலை என்னுடையது. டெம்பரேச்சர், பல்ஸ், பிபி மூன்றையும் ஒழுங்காகப் பார்த்து எழுதினேன். மூச்சுக்கான கட்டத்தில் மட்டும் எல்லோருக்கும் 20 என்று போட்டுக்கொண்டே போனேன். எனக்கு முன்னால் எழுதியவர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். சார்ட்டைத் திருப்பினால் மூன்று நாளாக 20, 20, 18, 20.

ஒன்பதாம் படுக்கையில் ஒரு பெரியவர். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்தவர். தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பேசாமல் இருந்தார். தொந்தரவு கொடுக்காத நோயாளி என்று நினைத்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அவருடைய சார்ட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் அப்படியே நின்றார்.

"முப்பத்தி நாலு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இந்த இருபது எங்கேருந்தும்மா வந்தது?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பெரியவருக்கு நிமோனியா. மதியத்துக்குள் ஐசியூவுக்குக் கொண்டு போனார்கள். பதினோரு நாள் கழித்து வார்டுக்குத் திரும்பி வந்தார். அந்தப் பதினோரு நாளும் நான் அந்தக் கட்டத்தில் போட்ட எண்தான் கண்முன்னால் நின்றது. வெறுமனே விட்டிருந்தால்கூட யாராவது "இது ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்டிருப்பார்கள். 20 என்று எழுதியதால் யாருக்கும் கேள்வியே வரவில்லை.

இன்று நான் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். அடிப்படைத் திறன்கள் என்று பாடத்தில் பெரிய பட்டியலே இருக்கிறது. அத்தனைக்கும் கீழே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பார்த்ததை மட்டும் எழுது, எழுதுவதற்காகப் பார். அதனால் மூச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

மூச்சை எண்ணுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம், வினாடி முள் உள்ள கடிகாரம் போதும். பல்ஸ் பார்த்து முடித்ததும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காதீர்கள். இன்னும் பல்ஸ்தான் பார்க்கிறீர்கள் என்று அவர் நினைக்கட்டும். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும், எனக்கும் மாறும். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. மேலோட்டமாக மூச்சு விடுபவராக இருந்தால் அவருடைய கையையே மார்பின் குறுக்கே எடுத்து வைத்து, உங்கள் விரலும் அதன்மேல் இருந்தால் அசைவு தெரியும். முழுதாக 60 வினாடி எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே நாலு தவறிவிடும்.

பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20. பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60. எண்ணிக்கை பாதிதான். எண்ணும்போதே கழுத்துத் தசை இழுக்கிறதா, மூக்கு விரிகிறதா, விலா எலும்புக்கு இடையே உள்ளே குழிகிறதா, ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு வார்த்தை பேசி நிறுத்தி மூச்சு வாங்குபவருக்கு எண்ணே தேவையில்லை, உடனே ஆள் கூப்பிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. உடம்பு சரிவதற்கு முன்னால் பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான். ரத்தத்தில் அமிலம் கூடினாலும், கரியமில வாயு தேங்கினாலும், ஆக்சிஜன் குறைந்தாலும் மூளை முதலில் செய்வது மூச்சை வேகப்படுத்துவதுதான். பிபி கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாக அடித்து, அந்த எண்ணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிபி விழுந்த பிறகு ஓடுவது தாமதமான ஓட்டம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறதே என்று நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. அந்த 97-க்காக அவர் நிமிடத்துக்கு 32 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம். விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அந்தக் கருவி தவறும். தோல் கறுப்பாக இருப்பவர்களுக்கு உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிபி விஷயத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு கஃப், அதாவது கையில் சுற்றும் பட்டை. ஒரே கஃபை எல்லார் கையிலும் சுற்றுவார்கள். உள்ளே காற்று நிரம்பும் பையின் அகலம் கையின் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும், நீளம் 80 சதவீதம். பருத்த கையில் சின்ன கஃப் சுற்றினால் இல்லாத பிபி வந்துவிடும், அதற்கு மாத்திரையும் வந்துவிடும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பேசவிடாமல் எடுங்கள். கையால் எடுப்பதாக இருந்தால், முதலில் மணிக்கட்டில் பல்ஸைத் தொட்டுக்கொண்டே காற்றை ஏற்றி, பல்ஸ் மறையும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைவிட 30 கூடுதலாக ஏற்றி, இறக்கிக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பில் கேளுங்கள். சிலருக்கு நடுவில் சத்தம் மறைந்து மறுபடி வரும். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் 180 உள்ளவரை 140 என்று எழுதிவிட நேரும். அந்தச் சத்தங்களை 1905-ல் விவரித்தவர் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்காஃப். இன்றைக்கும் ஸ்டெதாஸ்கோப்பை முழங்கையின் உள்பக்கம் வைத்தால் நாம் கேட்பது அவர் கேட்டதைத்தான். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் பிபி எடுக்கவே கூடாது. மார்பகத்தோடு அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் அகற்றியிருந்தால் அந்தப் பக்கக் கையையும் விட்டுவிடுங்கள். எந்தக் கை என்று சார்ட்டில் முன்பக்கமே எழுதி வைப்பது நல்லது.

கை கழுவுவதைப் பற்றிச் சொன்னால் மாணவர்கள் முகத்தில் ஒரு சலிப்பு தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்ட பாடம்தானே. அதனால் நான் சொல்வதில்லை, காட்டுகிறேன். ஸ்கில் லேபில் புற ஊதா விளக்கில் ஒளிரும் ஒரு லோஷன் உண்டு. அதைக் கையில் தடவிவிட்டு, நன்றாகக் கழுவிவிட்டு வரச் சொல்வேன். இருட்டில் விளக்கைக் காட்டினால் உள்ளங்கை சுத்தமாக இருக்கும். கட்டைவிரல் முழுக்க நீலமாக மின்னும். விரல் நுனி, நக ஓரம், மோதிரத்துக்குக் கீழே, மணிக்கட்டு என்று எல்லாம் மின்னும். போன வாரம் ஒரு பையன் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த விரலால்தானே ஊசி மருந்தைத் தள்ளுவோம்?" என்று கேட்டான். அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்துவிட்டுப் பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்றார். அந்த ஏப்ரலில் அந்தப் பிரசவப் பிரிவில் 18 சதவீதத்துக்கு மேல் தாய்மார்கள் இறந்திருந்தார்கள். ஜூனில் அது 2 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. கிருமி என்ற ஒன்று நிரூபிக்கப்படும் முன்பே நடந்தது இது. இன்று நமக்குக் காரணமும் தெரியும், குழாயும் பக்கத்திலேயே இருக்கிறது. சோப்பு போட்டால் 40 முதல் 60 வினாடி, ஆல்கஹால் தேய்த்தால் 20 முதல் 30 வினாடி. நோயாளியைத் தொடும் முன், சுத்தமான வேலை எதையும் தொடங்கும் முன், ரத்தமோ மற்ற உடல் திரவமோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய படுக்கையையோ மேசையையோ தொட்ட பின். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இந்த ஐந்து தருணங்களில் மறந்துபோவது கடைசி ஒன்று. கட்டில் கம்பியைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இன்னொன்று: க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வயிற்றுப்போக்கு உள்ளவரிடம் ஆல்கஹால் போதாது. அதன் வித்துக்கள் ஆல்கஹாலில் சாவதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் அவற்றைக் கழுவித் தள்ளும். கையுறை போட்டாலும் கழற்றிய பிறகு கழுவத்தான் வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வேலைக்கு வருகிறேன். படுக்கையில் குளிப்பாட்டுவது.

இதைத் தாழ்ந்த வேலை என்று நினைக்கும் மாணவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருக்கிறார்கள். ஊசி போடும் வாய்ப்புக்குப் போட்டி போடுவார்கள், பேசினைத் தூக்கச் சொன்னால் மெதுவாக நகர்ந்துவிடுவார்கள். ஒரு மனித உடம்பை உச்சி முதல் பாதம் வரை இருபது நிமிடம் தொட்டுப் பார்க்க வேறு எந்த வேலையில் நமக்கு இடம் கிடைக்கிறது? டாக்டர் ரவுண்ட்ஸில் போர்வைக்கு மேலேதான் பெரும்பாலும் பேச்சு நடக்கும். போர்வைக்குக் கீழே இருப்பதை அறிந்தவர் குளிப்பாட்டியவர்தான்.

ஒரு அம்மாவைக் குளிப்பாட்டியது நினைவிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு துணி. கண்ணை மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு மூலையால் துடைத்தேன். முகம், கழுத்து, கை என்று வந்தேன். துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, முடித்ததும் மூடிக்கொண்டே போக வேண்டும், குளிரும், கூச்சமும் இருக்கும். வலது காலைத் துடைத்துவிட்டு இடது காலுக்கு வந்தபோது கெண்டைச் சதை கையில் வேறு மாதிரி பட்டது. கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம் சூடு. இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடது கால் பெரிதாகத் தெரிந்தது. "வலிக்குதாம்மா?" என்றேன். "ரெண்டு நாளா இழுக்குது, படுத்தே கிடக்கிறதாலேன்னு நினைச்சேன் தாயி" என்றார். காலைப் பிடித்துவிடாமல், தேய்க்காமல், அப்படியே வைத்துவிட்டு சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். டேப் வைத்து அளந்தார்கள். ஒரு கால் மற்றதைவிட 4 சென்டிமீட்டர் அதிகம். ஸ்கேனில் காலின் ஆழ்ந்த நாளத்தில் ரத்தக்கட்டி. தேய்த்துவிட்டிருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

குளிப்பாட்டும்போதே முதுகைப் பாருங்கள். வால் எலும்புப் பகுதி, குதிகால், இடுப்பு எலும்பு, முழங்கை, காதின் பின்பக்கம். சிவந்த இடத்தில் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தினாலும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே கண்ணை நம்பாமல் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது வழக்கமான கணக்கு. திருப்பினால் நேராக 90 டிகிரியில் நிறுத்தாதீர்கள், எடை முழுக்க இடுப்பு எலும்பில் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். மேலே நகர்த்தும்போது இழுக்கவே கூடாது. இரண்டு பேர் விரிப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டி நின்றுவிடும், உள்ளே இருக்கும் சதை மட்டும் நகரும். புண் உள்ளிருந்து வரும்.

மருந்து கொடுப்பதில் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சொல்வது எளிது. ஒருமுறை பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவருக்குக் காது மந்தம். நான் கிண்ணத்தில் மாத்திரையோடு போய் அவர் பெயரைச் சொல்லி, "நீங்கதானே?" என்றேன். "ஆமா" என்றார். அவர் எதைக் கேட்டாலும் ஆமாதான் சொல்வார் என்று பக்கத்தில் இருந்த மகள் சொன்னதால் தப்பித்தேன். அன்றிலிருந்து "உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பிறந்த தேதி சொல்லுங்கள்" என்று அவர் வாயாலேயே வரவைத்து, கைப்பட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். அதே மூச்சில் ஒவ்வாமையும் கேட்டுவிடுகிறேன்.

கணக்கைப் பேப்பரில் போடுங்கள், மனதில் போடாதீர்கள். 500 மில்லி சலைன் நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும், சொட்டு இறங்கும் குழாய் செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 42 சொட்டு வரும். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடத்துக்கு 21 விழுகிறதா என்று பாருங்கள். நோயாளி கையை மடக்கினால் மாறிவிடும், அதனால் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். இன்சுலினுக்கு இன்சுலின் சிரிஞ்ச் மட்டும்தான். மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தில் 10 யூனிட் என்பது 0.1 மில்லிதான். சாதாரண சிரிஞ்சில் அதை 1 மில்லி என்று இழுத்துவிட்டால் பத்து மடங்கு. அரை மில்லிகிராம் என்றால் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுதுங்கள், ஐந்து என்றால் 5 என்று நிறுத்துங்கள். 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகிவிடும். நீர்க்காத பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் செலுத்தவே கூடாது, இதயம் நின்றுவிடும். உங்கள் பயிற்சி நிலைக்கு அனுமதி இல்லாத மருந்தை அவசரத்தில் யார் "போட்டுவிடு" என்றாலும் போடாதீர்கள். "எனக்கு அனுமதி இல்லை, சிஸ்டரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லத் தெரிவதும் ஒரு திறன்தான். ஊசி போட்ட பிறகு மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள், நேராகக் கூர்மைக் கழிவுப் பெட்டிக்குப் போகட்டும்.

யூரின் பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. மணிக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மில்லி சிறுநீர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் சொல்லியாக வேண்டும். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும் முன் குழாயில் வரும் திரவத்தின் பி.எச் (அமிலத்தன்மையின் அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்ப வேண்டாம், குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். தலைப்பக்கம் குறைந்தது 30 டிகிரி உயர்ந்திருக்கட்டும்.

கடைசியாகப் பேச்சு. பார்த்ததைச் சொல்லத் தெரியாவிட்டால் பார்த்தும் பயனில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பி, "சார், பேஷன்ட் ஒரு மாதிரியா இருக்கார்" என்று சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இருக்கிறது, எஸ்பார் என்பார்கள். இப்போது என்ன நிலைமை, அதன் பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்வது. போனை எடுக்கும் முன் சார்ட் கையில் இருக்க வேண்டும். கடைசிப் பகுதியைத்தான் மாணவர்கள் விழுங்கிவிடுவார்கள். "நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தையும், அவர் சொன்ன பதிலையும் எழுதிவையுங்கள். நோட்ஸில் "நோயாளி நன்றாக உள்ளார்" என்று எழுதினால் அடுத்த டியூட்டிக்கு வருபவருக்கு ஒன்றுமே தெரியாது. "எழுந்து உட்கார்ந்தார், பாதி டம்ளர் தண்ணீர் குடித்தார், வலி பத்துக்கு மூன்று என்கிறார்" என்று எழுதினால் தெரியும். வலிக்கு அவர் சொல்வதுதான் அளவு. முகத்தைப் பார்த்து நீங்கள் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம்.

போன மாதம் நைட் டியூட்டியில் ஒரு முதலாமாண்டு மாணவி என் மேசைக்கு வந்து நின்றாள். கையில் சார்ட்.

"சிஸ்டர், நாலாம் படுக்கை. மூச்சு 28. சாயங்காலம் 18-னு இருக்கு. தப்பா எண்ணிட்டேனோன்னு மறுபடி ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். 28தான். பிபி நார்மல், ஆக்சிஜன் 96. ஆனா ராத்திரி பேசிக்கிட்டிருந்தவர் இப்ப பேசமாட்டேங்கறார்."

நான் எழுந்து அவளோடு போனேன். அவர் மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தோடு பார்த்தேன். 28. திரும்பி வந்து போனை அவளிடமே கொடுத்தேன். சார்ட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அவள் எண்ணை அழுத்தினாள்.